ஒரே அறையில் மூன்று வழி!

சத்தம் போடாமல் வாருங்கள், உள்ளே பாடம் நடக்கிறது!

திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். ஊருக்கு வருகிறவர்கள் நேரே மூவர் கோயிலுக்குத்தான் போவார்கள். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுப்பிய மூன்று கற்றளிகளில் இரண்டு இன்னும் நிற்கின்றன. பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று நான் உங்களைக் கூப்பிடுவது இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பறைக்குள். அங்கே நடப்பதை ஜன்னலோரம் நின்று பார்த்தாலே போதும், மனசு துள்ளும்!

சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் பாதை மூன்றாகப் பிரிவது இந்தக் கொடும்பாளூர்ப் பக்கம்தான். இப்போது வகுப்பறைக்குள் பாருங்கள், இங்கேயும் மூன்று வழி: அரும்பு, மொட்டு, மலர். தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் இவை. எழுத்தைக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளை அரும்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டுவிட்டால் மொட்டு. தன் வகுப்புப் பாடத்தைத் தானே படிக்கிற பிள்ளை மலர். 'மக்கு' என்ற சொல்லுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. இந்தப் பெயர்களை வைத்தவர்களைத் தேடிப்போய்க் கைகுலுக்க வேண்டும்போல் இருக்கிறது எனக்கு!

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அப்படியானால் 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பு அறையில் உட்கார்ந்ததே இல்லை! கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம், ஆனால் 'அ'வும் 'ஆ'வும் பிடிபடவில்லை. அந்த 2022 ஜூன் 13 அன்றுதான் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் தொடங்கியது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது, பிறகு 4, 5க்கும் நீண்டது.

இனி, திரைக்குப் பின்னால்!

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து. ஒரே டீச்சர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார் என்றால் அதன் பின்னால் எவ்வளவு முன்வேலை இருக்கும்! முந்தைய நாள் இரவே கையேட்டைப் புரட்டி, சொல் அட்டை வெட்டி, காகிதப் பையில் கண்ணும் மூக்கும் வரைந்து பொம்மை செய்து வைத்திருப்பார். சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் சொந்தக் காசைப் போடும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். காலையில் அந்தப் பொம்மை பேசத் தொடங்கினால் போதும், டீச்சர் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை பொம்மைக்குப் பதில் சொல்லும்!

அதற்கும் முன்னால் வயிறு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த திட்டம் இது. அடியார்களுக்காக நெற்களஞ்சியத்தைத் திறந்துவிட்ட இடங்கழி நாயனார் ஊர் கொடும்பாளூர். இந்த மண்ணில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பாடம் தொடங்குவது எவ்வளவு பொருத்தம்!

எனக்கு மிகப் பிடித்தது கணக்கு வேளை. 42லிருந்து 17 போக வேண்டும். கரும்பலகையில் எழுதி, "பக்கத்துல கடன் வாங்கு" என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? இங்கே குச்சிகள் வருகின்றன. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. ஏழு எடுக்க வேண்டும், உதிரியில் இரண்டுதானே இருக்கிறது? ஒரு கட்டைப் பிரி! பட்டென்று பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து. மிச்சமிருக்கும் மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு. "இருபத்தஞ்சு டீச்சர்!" என்று பிள்ளை கத்துகிறபோது அது மனப்பாட விடை இல்லை. தன் விரலால் ரப்பர் பேண்டைக் கழற்றிக் கண்டுபிடித்த விடை.

ஒருபுறம் குச்சிக் கணக்கு நடக்கும்போதே மலர்ப் பிள்ளைகள் கதைப் புத்தகம் வாசிக்கிறார்கள், மொட்டுகள் சொல் அட்டைகளை அடுக்கி வாக்கியம் ஆக்குகிறார்கள். நிலைகள் நிலைத்தவை அல்ல. அவ்வப்போது மதிப்பீடு செய்து, அரும்பு மொட்டானதும் இடம் மாற்றுகிறார்கள். இதுதான் மொத்தத்துக்கும் ரகசியம்: வயது எந்த வகுப்பைச் சொல்கிறது என்று பார்க்காமல், வாசிப்பு எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வடமாநிலங்களில் பல ஆண்டுகளாக இதே கருத்தைச் செய்து காட்டியது. அந்தப் பணியை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. 2019இல் பொருளாதார நோபல் பெற்றார்களே, அவர்கள்தான்! தமிழ்நாட்டிலோ 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலிலேயே, அவரவர் வேகத்தில் படிக்கும் அட்டைகள் வந்துவிட்டன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டை செல்போனில் ஏற்றும் வேலை பாட நேரத்தைத் தின்னக் கூடாது. சிக்னல் கிடைக்காத ஊரில் டீச்சர் போனோடு வாசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அரும்புப் பிள்ளைக்கு நட்டம்.

கொடும்பாளூர் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு எழுத்தறிவு முயற்சி புதிதும் இல்லை. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இங்கே பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் எழுந்தது. கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் மாலையில் சிலேட்டு பிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்கள் படித்த தொடக்கப் பாடத்திலேயே 'பட்டா' என்ற சொல் இருந்தது, வாழ்க்கைக்கு வேண்டிய சொல் முதலில்! அந்தத் தலைமுறைப் பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சொல் அட்டை அடுக்குகிறார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படியொரு பள்ளி இருக்கும். அதன் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்கள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். "எங்க பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?" என்று டீச்சரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தினம் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.