பழைய எஸ்யூவி: எந்த வசதிக்கு விலை தருகிறோம்?

ஏழு பேர் அமரும் எஸ்யூவி ஒன்றைப் புதிதாக வாங்குவது நடுத்தரக் குடும்பங்களில் பலவற்றுக்கு இன்று எளிதன்று. கணவன், மனைவி, இரு குழந்தைகள், உடன் வாழும் பெற்றோர் என்று எண்ணினாலே ஆறு பேர் ஆகிவிடுகிறார்கள். ஐந்து இருக்கை வண்டி போதாது. எனவே ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய வண்டியைத் தேடுகிறார்கள். எந்த நிறுவனம், டீசலா பெட்ரோலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது ஆகியவற்றில் ஆலோசனை சொல்ல அக்கம்பக்கத்தில் ஆட்கள் உண்டு. ஒரே மாடலில் நான்கைந்து வேரியன்ட்கள் இருக்க, அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விதான் சரியாகக் கேட்கப்படுவதில்லை. "டாப் மாடல் சார்" என்ற ஒரு சொல்லில் பேரம் பாதி முடிந்துவிடுகிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2001-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அதுவே முதன்மையான காரணம். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு சந்தையையே கெடுக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வகுப்பறையில் பல ஆண்டுகள் இதைக் கற்பித்த எனக்கு, சென்ற ஆண்டு என் தங்கையின் மகன் வண்டி தேடியபோது உடன் சென்றதில் இன்னொன்று புலப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத நிலையை அளக்க முடியாத வாங்குபவர், கண்ணுக்குத் தெரியும் ஒன்றை அதற்குப் பதிலாகப் பிடித்துக்கொள்கிறார். சன்ரூஃபும் பெரிய தொடுதிரையும் தோல் இருக்கையும் அவருக்கு வண்டி நன்றாக இருப்பதற்கான சான்றுகளாகிவிடுகின்றன. (நாங்கள் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் "டாக்டர் வண்டி" என்றே சொல்லப்பட்டன. தமிழ்நாட்டு மருத்துவர்கள் அனைவரும் ஒரே ஆண்டில் வண்டியை விற்கிறார்களோ என்று தோன்றியது.)

முதலில் விலைக் கணக்கைப் பார்ப்போம். புதிதாக இருந்தபோது அடிப்படை வேரியன்ட் 16 லட்சம், உச்ச வேரியன்ட் 22 லட்சம் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 6 லட்சம். ஆறு ஆண்டுகளில் இரண்டும் பாதி மதிப்பை இழந்தால் வேறுபாடு 3 லட்சமாகச் சுருங்கும். நடைமுறையில் அது இன்னும் குறைவாகவே இருப்பதைப் பார்க்கலாம். எஞ்சினைவிட வசதிகள் வேகமாக மூப்படைகின்றன; ஆறு ஆண்டுக்கு முந்தைய தொடுதிரைக்கு இன்று யாரும் வியப்பதில்லை. மேலும், அந்த 6 லட்சத்துக்குள் வரியும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 18 சதவீதமும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 20 சதவீதமும் வாழ்நாள் வரியாக வசூலிக்கப்படுகிறது. முதல் உரிமையாளர் செலுத்திய வரி அவரளவில் மூழ்கிய செலவு. இரண்டாம் உரிமையாளர் அதை முழுமையாகச் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியானால் உச்ச வேரியன்டையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். விலை குறைந்தாலும் பழுதுபார்க்கும் செலவு குறைவதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதற்காகச் சன்ரூஃப் மோட்டாரோ மின்னிருக்கையோ பாதி விலைக்குக் கிடைக்காது. உச்ச வேரியன்டில் 18 அங்குலச் சக்கரம் இருந்தால், ஐந்தாறு ஆண்டில் டயர் மாற்றும் முறை புதிய உரிமையாளரின் தலையில்தான் விழும்.

எனவே வசதிகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். பின்னால் வெளியில் பொருத்திக்கொள்ளக்கூடியவை முதல் வகை: தொடுதிரை, பின்புறக் கேமரா, இருக்கை உறை, அலாய் சக்கரம். இவற்றுக்காக உயர் வேரியன்டுக்குக் கூடுதல் விலை தருவது வீண். வயதாக ஆகச் சுமையாக மாறுபவை இரண்டாம் வகை. சன்ரூஃபை நான் தயங்காமல் இதில் சேர்ப்பேன். நம் ஊர் வெயிலில் அதைத் திறந்துவைத்து ஓட்டும் நாள்கள் எத்தனை? தொழிற்சாலையில் பொருத்தினாலன்றிப் பிறகு எக்காலத்திலும் பொருத்த முடியாதவை மூன்றாம் வகை. ஏர்பேக், வண்டி வழுக்காமல் நிலைநிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு, மூன்றாம் வரிசை இருக்கையின் அமைப்பு ஆகியவை இதில் அடங்கும். கூடுதல் விலை தரத் தகுந்தது இதற்கு மட்டுமே.

பழைய வண்டியில் இந்த மூன்றாம் வகை மிக முக்கியமாவதற்குச் சட்டத்தின் வரலாறே காரணம். ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரல் முதல்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையில் வந்தது. முன்வரிசையில் உடன் அமர்பவருக்கான ஏர்பேக், புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2021 இறுதியிலும் கட்டாயமாயிற்று. ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வெளியிடப்பட்டு, தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் கைவிடப்பட்டது. அதாவது, இன்று சந்தைக்கு வரும் 2017, 2018-ஆம் ஆண்டு வண்டிகளில் உயிர்காக்கும் கருவி இருக்கிறதா என்பதைத் தீர்மானித்தது சட்டமன்று, வேரியன்ட்.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. 2016-இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவை மோதிச் சோதித்தது. கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அதே அமைப்பு 2021-இல் எக்ஸ்யூவி700 வண்டியை இரண்டே ஏர்பேக்குகள் கொண்ட அடிப்படை வடிவில் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. உடற்கட்டு உறுதியாக அமைந்த வண்டியின் கீழ் வேரியன்ட், பலவீனமான கட்டமைப்புள்ள வண்டியின் உச்ச வேரியன்டைவிட மேலானதாக இருக்கலாம். முதலில் மாடலைத் தேர்ந்துவிட்டு, பிறகே வேரியன்டுக்கு வர வேண்டும்.

மூன்றாம் வரிசைக்கு வருவோம். அங்கே அமர்பவர்கள் யார்? பெரும்பாலான வீடுகளில் குழந்தைகள்தாம். விலை பேசும் பெரியவர்களில் ஒருவர்கூட அங்கு ஏறி உட்கார்ந்து பார்ப்பதில்லை. பழைய ஸ்கார்ப்பியோவில் ஏழு இருக்கை என்பதே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் கொண்டது: முன்னோக்கிய பெஞ்சு உள்ளவை ஒருபுறம், ஒருவரையொருவர் பார்த்தபடி பக்கவாட்டில் அமரும் குட்டி இருக்கைகள் உள்ளவை மறுபுறம். மோதலின்போது பக்கவாட்டு இருக்கையில் இருக்கும் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க ஏதுமில்லை. விளம்பரத்தில் இரண்டுக்கும் 'செவன் சீட்டர்' என்ற ஒரே பெயர். முன்னோக்கிய இருக்கையாக இருந்தாலும், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட் இருக்கிறதா, தலைதாங்கி உள்ளதா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இரண்டாம் வரிசையோடு நின்றுவிடுகிறதா, கடைசி வரை நீள்கிறதா என்று உரிமையாளர் கையேட்டில் பார்க்க வேண்டும். ஏசி காற்று கடைசி வரிசையை எட்டுகிறதா என்பதை மே மாதத்தில் அறிந்துகொள்வதைவிட வாங்கும் முன் அறிவது நல்லது.

சொல்லப்படும் வேரியன்டும் உண்மையான வேரியன்டும் ஒன்றா? பின்கதவில் ஒட்டப்பட்ட எழுத்தை நம்ப வேண்டாம். அது கடையில் கிடைக்கும். காப்பீட்டுப் பத்திரத்தில் வேரியன்டின் பெயர் இருக்கும். சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலும் உறுதிசெய்துகொள்ளலாம். ஆறு ஏர்பேக் வண்டி என்று வாங்கியதில் ஆறும் இப்போது இருக்கின்றனவா என்பது இன்னும் கடினமான கேள்வி. விபத்தில் விரிந்தவற்றை மாற்றாமல் மூடியை மட்டும் பொருத்தி விற்பதும் நடக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும், அணையவில்லையென்றாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியிலுள்ள பட்டையில் தயாரிப்புத் தேதி இருக்கும். அது வண்டியின் ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். அந்தப் பெல்ட்டின் உள்முனையில் சேற்றுக்கறை தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்று கொள்ளலாம். 2015 பெருவெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சென்னையில் எத்தனை வண்டிகளை மூழ்கடித்தன என்பதை நாம் கண்டோம். வெள்ளம் கண்ட வண்டிகளில் உச்ச வேரியன்டே அதிக ஆபத்தானது. இருக்கைகளுக்கு அடியில் மின்கம்பிகள் அதில்தான் அதிகம்.

பிற மாநிலப் பதிவெண்ணோடு உச்ச வேரியன்ட் மலிவாக வருவதும் உண்டு. டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடை இதற்கு ஒரு காரணம். இங்கே மறுபதிவு செய்யும்போது வண்டியின் விலையையும் வயதையும் வைத்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும். உயர்ந்த வேரியன்டுக்கு அந்த வரியும் உயரும். அதைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

பேரத்தின்போது விற்பவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம், "நான் வாங்கும்போது ஆன்ரோடு 24 லட்சம்" என்பது. அன்றைய விலைக்கு இன்று பொருளில்லை. பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகக் குறைந்து புதிய வண்டிகளின் விலையும் இறங்கியது. ஒப்பிட வேண்டியது, அதே மாடலில் தேவையான பாதுகாப்புக் கருவிகளுடன் இன்று புதிதாகக் கிடைக்கும் மிகக் குறைந்த வேரியன்டின் விலையோடுதான். அந்த விலைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நாங்கள் கடைசியாகப் பார்த்த வண்டிக்குச் சென்றோம். உச்சத்துக்கு ஒரு படி கீழான வேரியன்ட், சன்ரூஃப் இல்லை, ஆறு ஏர்பேக், முன்னோக்கிய மூன்றாம் வரிசை. விற்பவர் சொன்ன விலையிலிருந்து 90,000 ரூபாய் குறைத்துக்கொண்டார்.