நியூயார்க் – வாஷிங்டன் சாலையில் மோட்டார்ஹோம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் பாஸ்டன், நியூயார்க், பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களை ஐ-95 நெடுஞ்சாலை இணைக்கிறது. அந்த நாட்டிலேயே மிக நெரிசலான தடங்களில் இதுவும் ஒன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு, வாடகை மோட்டார்ஹோமில் இந்த வழியே கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் உயரத்தையும் அதிலுள்ள கேஸ் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். இங்கே வழியைத் தீர்மானிப்பவை அவை இரண்டும்தான்.

மொபைலில் மேப் போட்டால் வழி காட்டிவிடுமே, தனியாகத் திட்டம் எதற்கு?

சாதாரண மேப் செயலி உங்கள் வண்டியின் உயரத்தைக் கேட்பதில்லை. காருக்கான வழியைத்தான் காட்டும். பெரிய மோட்டார்ஹோம் 12 முதல் 13 அடி வரை உயரம் இருக்கும். நியூயார்க்கைச் சுற்றியுள்ள பார்க்வேக்கள் பல, 1920, 30களில் கார்கள் உல்லாசமாகப் போய்வரப் போடப்பட்டவை. அவற்றின் குறுக்கே வளைவு வளைவாகத் தாழ்வான கல் பாலங்கள். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் 8 அடிக்கு மேல் உயரமான வண்டிக்கு அனுமதியே இல்லை.

ஐ-95இல் நெரிசல் கூடியதும் செயலி சட்டென்று இந்தப் பார்க்வேக்களுக்குத் திருப்பிவிடும். ஆபத்து அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் 'பார்க்வே' என்று பெயர்ப் பலகை கண்டால் நுழையாதீர்கள். நியூஜெர்சியின் கார்டன் ஸ்டேட் பார்க்வே அப்படியல்ல. அதில் மோட்டார்ஹோம் போகலாம். உயரம், எடை, கேஸ் விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வழி சொல்லும் ஜிபிஎஸ் கருவிகள் கிடைக்கின்றன. அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

வாடகைச் சீட்டில் உயரம் எழுதியிருக்கிறது. அது போதாதா?

போதாது. கூரைமேல் இருக்கும் ஏசி பெட்டியைச் சேர்த்து அளந்தார்களா என்பது சீட்டைப் பார்த்தால் தெரியாது. வண்டியை எடுக்கும்போதே டேப்பால் ஏசியின் உச்சி வரை அளந்து, அடி–அங்குலக் கணக்கில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவையுங்கள். அங்குள்ள பாலங்களில் மீட்டர் கணக்கு இருக்காது.

சமையல் கேஸ் இருந்தால் சுரங்கச் சாலையில் விடமாட்டார்களாமே?

உண்மை. அடுப்பு, ஹீட்டர், பல வண்டிகளில் ஃபிரிட்ஜும் புரோப்பேன் கேஸில்தான் ஓடுகின்றன. சுரங்கத்துக்குள் தீப்பிடித்தால் பின்னால் நிற்கும் நூற்றுக்கணக்கானோர் தப்புவது கடினம். நியூயார்க்கின் ஹாலண்ட், லிங்கன் சுரங்கங்களில் இந்த வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. வால்வை மூடிவிட்டேன் என்று சொல்லியும் பயனில்லை.

பால்டிமோரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐ-95 அங்கே ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கம் வழியாகத் துறைமுகத்துக்கு அடியில் போகிறது. பக்கத்து ஐ-895 சாலையிலும் சுரங்கம்தான். 10 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் நாலரை கிலோவுக்கு மேல் கொள்ளும் புரோப்பேன் கலனோடு இரண்டிலும் நுழைய முடியாது. நம் ஊர் 5 கிலோ சின்ன சிலிண்டரைக்கூட அனுமதிக்காத அளவு அது.

முன்பு இப்படிப்பட்ட வண்டிகள் ஐ-695 வளையச் சாலையில் இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின்மேல் போய்விடும். 2024 மார்ச் 26 அதிகாலையில் 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் சரிந்தது. இரவுப் பணியில் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். பழைய வழிகாட்டிகளை நம்பி அந்தப் பக்கம் போகாதீர்கள். நகரை நெருங்குமுன்பே ஐ-695இன் மேற்குப் பாதியில் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஐ-95ஐப் பிடியுங்கள்.

கனெக்டிகட்டிலிருந்து வருகிறோம். நியூயார்க் நகரைத் தொடாமல் தாண்ட முடியுமா?

முடியும். ஐ-287இல் திரும்பி, மரியோ குவோமோ பாலத்தில் ஹட்சன் ஆற்றைக் கடந்து, நியூஜெர்சியைச் சுற்றி எடிசன் அருகே நியூஜெர்சி டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் மறுபடி ஐ-95ஐப் பிடிக்கலாம். தூரம் கூடும், ஆனால் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி நெரிசலில் பெரிய வண்டியை உருட்டும் பாடு இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வழியாகத்தான் போகவேண்டுமென்றால் மேல் தளத்தில் மட்டும் செல்லுங்கள்.

எந்த நேரம் நல்லது?

வேலை நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகும் பிற்பகல் மூன்றுக்கு முன்பும் நகரங்களைத் தாண்டும்படி கிளம்புங்கள். கோடை வெள்ளிக்கிழமை பிற்பகலில் வாஷிங்டனைச் சுற்றும் பெல்ட்வே வளையச் சாலை வேண்டவே வேண்டாம். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் சுமார் 360 கி.மீ. காருக்கு நாலைந்து மணி நேரம் என்றால், மோட்டார்ஹோமுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.

எந்த லேனில் ஓட்டுவது?

நகருக்குள் வலக்கோடியிலிருந்து இரண்டாவது லேன். வலக்கோடியில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஓயாமல் குறுக்கிடுவார்கள். ஆறரை டன் வண்டி, பிரேக் போட்டதும் கார் மாதிரி நிற்காது.

ஊரைச் சுற்றிப் பார்க்க வண்டியிலேயே உள்ளே போகலாமா?

நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குள் கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புறநகரில் உள்ள மோட்டார்ஹோம் முகாமில் நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள். வாஷிங்டனுக்கு, பெல்ட்வேயை ஒட்டிய காலேஜ் பார்க்கில் அப்படி ஒரு முகாம் இருக்கிறது.

தவறிப்போய்ப் பார்க்வேயில் ஏறிவிட்டால்?

வேகத்தைக் குறைத்து, நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டுக்கொண்டு அடுத்த வெளியேறும் வழியில் இறங்கிவிடுங்கள். அதற்குள் தாழ்வான பாலம் எதிரே தெரிந்தால், பாலத்துக்கு முன்பே ஓரமாக நிறுத்தி அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். நீங்களாக ரிவர்ஸ் எடுக்காதீர்கள். போலீஸார் வந்து பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தி வழி செய்து தருவார்கள். அபராதம் விதித்தாலும் கட்டிவிடலாம். அதற்குப் பயந்து, குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் வண்டியை விட்டுவிடாதீர்கள்.