தோளைக் கேட்டு வாங்குங்கள்
நாலு தந்தி – 9

விமானப் பயணத்துக்கு முன்னால் பெட்டியின் எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேஸ் கிட்டார் கடைக்குப் போங்கள். சில நூறு ரூபாய்தான். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். சுவரில் அடுத்தடுத்துத் தொங்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறப் பேஸ்கள் இரண்டைக் கொக்கியில் மாட்டிப் பாருங்கள். ஒன்று 3.6 கிலோ இருக்கும், இன்னொன்று நாலைத் தொடும். மரத்தின் குணம் அது. ஒரே இனமானாலும் பலகைக்குப் பலகை அடர்த்தி மாறும். விலை குறைந்த பேஸ்களுக்காகப் பலகையை நிறுத்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தால் தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. ஆன்லைனில் வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம்தான் துணை.

நாலு தந்தி பேஸ் பொதுவாக மூன்றரையிலிருந்து நாலரை கிலோ வரை இருக்கும். மூன்றரைக்குக் கீழே வந்தால் லேசு என்று தைரியமாகச் சொல்லலாம். ஸ்டுடியோவில் நாற்காலி உண்டு, அங்கே இது ஒரு பொருட்டே இல்லை. திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவோடு நிற்கிறவர் பாடு வேறு. ஒன்பது மணிக்குத் தோளில் ஏறினால் இறங்க நடுச்சாமம் ஆகும். புல்லாங்குழல்காரருக்குப் பாட்டுக்கு நடுவே மூச்சுவிட நேரம் கிடைக்கும். டிரம்ஸ் ஓடுகிறவரை பேஸும் ஓடியாக வேண்டும். அப்போது அந்த அரை கிலோ என்ன என்று தெரியும்.

‘கனமாக இருந்தால்தான் நாதம் நிற்கும்’ என்று சொல்ல எல்லாக் கடையிலும் ஒருவர் இருப்பார். எழுபதுகளில் ஃபெண்டர் கம்பெனி கனத்த ஆஷ் மரத்தில் செய்த பேஸ்களில் சில நாலரை கிலோவையும் தாண்டின. பழைய இசைத்தட்டுகளில் அவற்றைக் கேட்டு வந்த மோகம் அது என்றே எனக்குப் படுகிறது. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து ஊர் ஊராக அலைந்தவர்களுக்காகத்தான் லியோ ஃபெண்டர் 1951இல் ப்ரிசிஷன் பேஸையே கொண்டுவந்தார். சுமை குறைக்கப் பிறந்த வாத்தியத்தில் கனத்தைப் பெருமையாகப் பேசுவது வேடிக்கைதான்.

லேசான ஆஷ், அமெரிக்கத் தெற்கின் சதுப்பு நிலங்களில் வளர்வது, இப்போது அருமையாகிவிட்டது. ஆசியாவிலிருந்து போய் 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்தது. 2020இல் ஃபெண்டரே தன் வழக்கமான மாடல்களில் பெரும்பாலானவற்றிலிருந்து ஆஷை எடுத்துவிட்டது. நம் பட்ஜெட்டில் கிடைப்பவை பாப்லர், பாஸ்வுட், ஒக்கூமே போன்றவை. குறையாக நினைக்க வேண்டாம், பாஸ்வுட் நல்ல லேசு. ஆனால் மென்மரம், எங்காவது இடித்தால் பள்ளம் விழும், ஸ்ட்ராப் மாட்டுகிற திருகும் நாளடைவில் ஆடத் தொடங்கும்.

தராசு சொல்வது இவ்வளவுதான். மீதியைத் தோள்தான் சொல்ல வேண்டும். பேஸை ஸ்ட்ராப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். நேராக நின்று இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். நெக் இருந்த இடத்திலேயே நின்றால் நல்லது. ஹெட்ஸ்டாக் மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பேஸை நான் வாங்கமாட்டேன். விழுகிற நெக்கை இரவெல்லாம் இடது கை தாங்கிப் பிடிக்க வேண்டும். தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் தூக்குகிற வேலைக்குப் போய்விடும். தோளுக்கு மிச்சமான வலி மணிக்கட்டில் வந்து நிற்கும்.

லேசான பேஸ்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். கம்பெனிக்காரர்கள் எடையைக் குறைப்பது பாடியில். மரத்தைச் சீவுவார்கள், மெலிதாக்குவார்கள். மறுமுனையில் மேப்பிள் நெக் அதே கனம், ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் நாலு பெரிய இரும்புக் கீகளும் அதே கனம். தராசில் ஒரு தட்டிலிருந்து மட்டும் படிக்கல்லை எடுத்த கதைதான். ஸ்ட்ராப் மாட்டும் மேல்கொம்பு எதுவரை நீள்கிறது என்பதையும் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டை ஒட்டி வந்தால் பெரும்பாலும் சமநிலை அமையும். 1963இல் வந்த கிப்ஸன் தண்டர்பேர்ட் பார்க்க அத்தனை அழகு. தலை கவிழ்வதிலும் அது பேர்போனது. கீகளை அலுமினியத்துக்கு மாற்றலாம்தான், ஆனால் மலிவுப் பேஸுக்கு அந்தச் செலவு கட்டாது. உட்புறம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் ஓரளவு பிடித்து நிறுத்தும். வழுக்கும் நைலான் ஸ்ட்ராப் கூடவே கூடாது. 3.2 கிலோவில் கவிழ்கிறதும் 3.9 கிலோவில் அசையாமல் நிற்கிறதும் எதிரே இருந்தால் எனக்கு இரண்டாவதுதான்.

எடை, சமநிலை இரண்டையும் சேர்த்துக் குறுக்கு வழியில் பிடிக்க ஷார்ட் ஸ்கேல் பேஸ்கள் இருக்கின்றன. வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். இவற்றில் 30ஐ ஒட்டி. ஸ்குவையர் பிராங்கோ, ஐபனெஸ் டால்மன் டி.எம்.பி.30 எல்லாம் இந்த வகை. ஐபனெஸ் மைக்ரோ இன்னும் சிறிது, 28.6 அங்குலம். பள்ளிப்பிள்ளைகள் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் பால் மெக்கார்ட்னியை நினைத்துக்கொள்ளட்டும். 1961இல் ஹாம்பர்க்கில் அவர் வாங்கிய ஹாஃப்னர் 500/1 இந்த அளவுதான். உள்ளே கூடு என்பதால் அந்த மாடல் இரண்டரை கிலோகூட வராது. (அந்தப் பேஸ் 1972இல் திருடு போய், கிடைத்துவிட்டது என்ற செய்தி 2024இல் வந்தது தனிக் கதை.)

இதில் ஒரு விலை கொடுக்க வேண்டும். அதே தந்தியை அதே சுருதியில் 34இலிருந்து 30 அங்குலத்துக்குக் குறைத்தால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். விரலுக்குச் சுகம்; ஆனால் ஈ தந்தி தளர்ந்து கொழகொழவென்று பேசும். கொஞ்சம் தடித்த செட் போட்டால் சரியாகும். தந்தி வாங்கும்போது ‘ஷார்ட் ஸ்கேலுக்கு’ என்று சொல்லியே கேளுங்கள்.

நெக் நேராக இருக்கிறதா, ஃப்ரெட் முனை விரலைக் கீறுகிறதா என்பதெல்லாம் கிட்டாருக்குப் பார்ப்பதுபோலத்தான். ஒன்று மட்டும்: கடையில் கொடுக்கிற கையகல ஆம்பில் வாசித்துவிட்டு ஈ தந்திக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதன் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். அந்த ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பெரிய ஆம்ப் இருந்தால் கேட்டு வாங்கிச் செருகிப் பாருங்கள். எவ்வளவு பெரியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.