நூறு வாட் உடம்பும் குளிர்ந்த சுவரும்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறார். பழைய குண்டு பல்பு ஒன்று எரிந்தால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு. தூங்கும்போது இது கொஞ்சம் குறையும். மாடிப்படி ஏறினால் பல மடங்கு கூடும். சாப்பிட்ட சோற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி கடைசியில் இப்படி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே குளிரில் நடுங்கும் ஒருவருக்கு வெப்பத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்பதில்லை. அவரிடம் ஏற்கெனவே இருக்கும் நூறு வாட் மெதுவாக வெளியேறினாலே போதும்.

இந்தக் கணக்கு 2022-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் பிரிட்டனில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அன்றாடப் பிரச்சினையானது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயு பாய்லர்தான் வெப்பம் தருகிறது. சராசரிக் குடும்பம் ஒன்றுக்கு எரிவாயுவும் மின்சாரமும் சேர்ந்த ஆண்டுக் கட்டணம் 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு என்ற உச்சவரம்பில் இருந்தது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு எரிவாயு விலை எகிறியது. அரசு தலையிட்டு, பணம் போட்டுத் தாங்கிப் பிடித்தும்கூட, 2022 அக்டோபரில் அதே குடும்பத்துக்கு 2,500 பவுண்டு ஆகிவிட்டது. வீட்டைச் சூடாக்குவதா, அடுப்பை மூட்டுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பலருக்கு வந்தது. நூலகங்களும் தேவாலயங்களும் ‘வந்து கதகதப்பாக உட்கார்ந்துவிட்டுப் போங்கள்’ என்று கதவைத் திறந்து வைத்தன. ‘வீட்டை விடுங்கள், ஆளைச் சூடாக்குங்கள்’ என்ற அறிவுரை தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

அந்த அறிவுரையில் அறிவியல் இருக்கிறது. அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. இரண்டையுமே பார்க்க வேண்டும்.

உடம்பின் வெப்பம் வெளியேற நான்கு வழிகள் உண்டு. தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குக் கடத்தலாகப் போகும். சுற்றியுள்ள காற்று சூடேறி மேலே எழும்பும்போது சலனமாகப் போகும். வியர்வையும் மூச்சும் ஆவியாகும்போது போகும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் போகும். இந்தக் கதிர்வீச்சைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். காற்று அசையாத குளிர்ந்த அறையில் துணியில்லாமல் ஒருவர் நின்றால், அவர் இழக்கும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் கதிர்வீச்சாகவே போய்விடும். எதிரே இருக்கும் சுவர் குளிர்ந்திருந்தால் உடம்பு அந்தச் சுவருக்கு வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சுவரிடமிருந்து திரும்பி வருவது குறைவு. அறைக்காற்று 20 டிகிரி செல்சியஸ் காட்டினாலும், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முதுகு சில்லிடுவதற்குக் காரணம் இதுதான். அந்தி சாயும்போதே கனத்த திரையை இழுத்துவிடுவது காற்றைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. அந்தக் கண்ணாடியை உடம்பின் பார்வையிலிருந்து மறைப்பதற்கும்தான்.

மற்ற வழிகளை அடைப்பது உடுப்பின் வேலை. உடுப்பு எப்படிக் கதகதப்பு தருகிறது என்பதை முறையாக அளந்து பார்த்தவர்களில் முதன்மையானவர் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்ப்சன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் பிறந்து, பவேரிய ஆட்சியாளரின் படையில் பணியாற்றியவர். படைவீரர்களுக்கு எந்தத் துணி கொடுத்தால் குளிர் தாங்கும் என்ற நடைமுறைக் கேள்வி அவருக்கு இருந்தது. மியூனிக் தெருக்களில் பிச்சையெடுத்தவர்களுக்கு வேலையும் உணவும் தரும் இல்லத்தை 1790-இல் தொடங்கியவரும் அவரே. ஒரு வெப்பமானியைப் பெரிய கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து, இடைவெளியில் பட்டு, கம்பளி, பஞ்சு, முயல் ரோமம், வாத்தின் மென்சிறகு என்று ஒவ்வொன்றாக அடைத்தார். கொதிநீரில் சூடாக்கி, பனிக்கட்டி நீரில் முக்கி, எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார். மெல்லிய ரோமமும் மென்சிறகும் முன்னே நின்றன. நன்றாகக் கவனித்தபோது, அந்தக் குமிழுக்குள் ரோமம் பிடித்திருந்த இடம் மிகச் சொற்பம், மீதியெல்லாம் காற்று. அந்தக் காற்றை அசையவிடாமல் இழைகள் பிடித்து வைத்திருந்ததுதான் விஷயம். 1792-இல் இந்த ஆய்வை வெளியிட்டார். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. காற்று வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று அவர் நம்பியது மட்டும் மிகை. கடத்தும், ஆனால் மிகக் குறைவாக. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் கடத்தும். ஈர சாக்ஸ் போட்டுக்கொண்டு எத்தனை ஸ்வெட்டர் அணிந்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

இருநூறு ஆண்டு கழித்தும் நாம் வாங்குவது அந்த அசையாத காற்றைத்தான். ஒரே கனத்த உடுப்பைவிட இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் மேல் என்பது அதனால்தான். அடுக்குகளுக்கு இடையிலும் காற்று சிக்கிக்கொள்கிறது. இதற்கு ஓர் அலகுகூட உண்டு. 1941-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உடலியல் அறிஞர்கள் ‘க்ளோ’ என்ற அளவை வகுத்தார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் அளவுக்கான உடுப்பு ஒரு க்ளோ. கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருப்பவர் இன்னொரு க்ளோ கூட்டிக்கொண்டால், அறை சுமார் 7 டிகிரி குறைந்தாலும் சமாளிக்க முடியும். கனத்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்று இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் தாங்கிக் கொடுக்கும். பிரிட்டனில் குளிர்கால மெத்தைப் போர்வையின் மேல் ‘13.5 டாக்’ என்று போட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 9 க்ளோ. உறைகிற அறையிலும் படுக்கை மட்டும் இதமாக இருப்பதில் வியப்பில்லை.

காசில்லாத மக்களும் பனியில் வாழ்ந்த மக்களும் இதை அளவுகோல் இல்லாமலே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஜப்பானிய மரவீடுகளில் சுவர் வழியே குளிர் தாராளமாக நுழையும். வீட்டைச் சூடாக்க முயல்வது வீண் என்று கண்டு, தாழ்வான மேஜைக்கடியில் கரியைக் கனியவைத்து, மேலே தடித்த போர்வையை விரித்து, குடும்பமே அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்தது. இந்தக் ‘கொட்டாட்சு’ இன்று மின்சாரத்தில் இயங்குகிறது. செலவாவது சில நூறு வாட்தான். காஷ்மீரில் ‘காங்கிரி’ என்ற சிறு மண்சட்டியைப் பிரம்புக் கூடையில் பதித்து, கரித்தணல் இட்டு, ‘ஃபெரன்’ என்ற தொளதொளத்த அங்கிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அங்கிக்குள் இருக்கும் காற்றே அவர்களுக்கு அறை. அதற்கு விலையும் உண்டு: தொடையிலும் வயிற்றிலும் ஆண்டுக்கணக்கில் சூடுபட்டுத் தோலில் வரும் புற்றுநோயை ‘காங்கிரி புற்று’ என்றே மருத்துவர்கள் அழைக்கிறார்கள்.

பிரிட்டிஷ் வீடுகளில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ரப்பர் வெந்நீர்ப் பை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குழாய்க் குளிர்ச்சியிலிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுபோக, அந்தக் குளிர்காலத்தின் மின்விலையில் ஏறக்குறைய 4 பென்ஸ். அது 35 டிகிரிக்கு ஆறும் வரை சுமார் 70 வாட்-மணி வெப்பம் தரும். இரண்டு மணி நேரத்தில் அது வெளிவந்தால், உங்கள் உடம்பு தானே உண்டாக்குவதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டு கிலோவாட் ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் 68 பென்ஸ் போயிருக்கும். பையின் கழுத்தருகே பூப்போல ஒரு முத்திரை இருக்கும். நடுவில் உள்ள எண், பை செய்யப்பட்ட ஆண்டு; சுற்றியுள்ள பன்னிரண்டு இதழ்கள் மாதங்கள். ரப்பர் நாள்பட இறுகி வெடித்து, தூக்கத்தில் வெந்து போனவர்கள் உண்டு என்பதால்தான் அந்தப் பூ. இரண்டு ஆண்டு ஆனால் மாற்றிவிட வேண்டும்; கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது; கைக்குழந்தையின் படுக்கையில் வைக்கவே கூடாது.

அந்தப் பையைக் கையில் பிடிப்பதைவிட மடியிலோ வயிற்றிலோ வைப்பது நல்லது. உடலின் நடுப்பகுதி குளிரும்போது, மூளை விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற விரல்களைக் கைவிடுகிறது. நடுப்பகுதி சூடானால் குழாய்கள் தாமே திறந்து, விரலுக்கும் சூடு போய்ச் சேரும். மது அருந்தினால் கதகதப்பாக இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மது அந்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. தோலுக்குச் சூடான இரத்தம் வருவதால் இதமாகத் தெரிகிறது. அந்தச் சூடு நேராக வெளியே போய்விடுகிறது.

ஆளைச் சூடாக்குவது இவ்வளவு மலிவு. ஆனால் சுவரைப் போர்வையால் ஏமாற்ற முடியாது.

நான்கு பேர் உள்ள குடும்பம் மூச்சு விட்டு, சமைத்து, குளித்து, வீட்டுக்குள் துணி உலர்த்துவதில் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வரை நீராவி காற்றில் சேரும். 20 டிகிரி காற்று ஒரு கனமீட்டருக்கு 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். சூடேற்றாத வீட்டில் அந்த மிச்ச நீர், இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் படியும்: வெளிச்சுவரின் மூலை, அலமாரியின் பின்புறம், ஜன்னல் சட்டம். சில நாள் ஈரம் நின்றாலே கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். இங்கிலாந்து வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919-க்கு முன் கட்டியது. அவற்றில் பலவும் நடுவில் இடைவெளி இல்லாத செங்கல் சுவர் கொண்டவை. அந்தச் சுவர்கள் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடுவது இங்கேதான் வினையாகிறது. வெளியே 5 டிகிரியில் மழை தூறிக்கொண்டிருந்தாலும் ஜன்னலைத் திறந்தால் வீடு உலரும் என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் 5 டிகிரி காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதில் உள்ள நீராவி கனமீட்டருக்கு 7 கிராமுக்குக் குறைவு. அது உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 42 விழுக்காடாக இறங்கிவிடும். வெப்ப இழப்பும் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு சிறு அறையின் காற்று மொத்தத்தையும் 10 டிகிரி சூடாக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அந்தக் குளிர்காலத்தின் விலையில் 3 பென்ஸ் சொச்சம். அறையின் வெப்பம் பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் கட்டிலிலும் இருக்கிறது, காற்றில் அல்ல. எனவே சமைத்த பிறகும் குளித்த பிறகும் ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து மூடுவது நல்ல வழக்கம். நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பது சுவரைத்தான் குளிர்விக்கும்.

பூஞ்சை வெறும் அழுக்கு அல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். சமூக வாடகை வீடுகளை நடத்தும் அமைப்புகள் குறித்த காலத்துக்குள் ஈரத்தையும் பூஞ்சையையும் சரிசெய்ய வேண்டும் என்ற சட்டம் இன்று அந்தக் குழந்தையின் பெயரால் வழங்குகிறது.

கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவது இன்னும் விரைவான ஆபத்து. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறையில் தணலை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் குளிர்நாட்டு வீடுகளுக்குக் குறைந்தது 18 டிகிரி என்று பரிந்துரைத்தது; முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கலாம். குளிரில் இரத்தக் குழாய் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் அடுத்துவரும் நாட்களில் வருகின்றன. இறப்புச் சான்றிதழில் ‘குளிர்’ என்று யாரும் எழுதுவதில்லை. குளிர்காலத்தில் கூடும் இறப்புகள், கடுங்குளிர் பின்லாந்தைவிட மிதமான குளிர் கொண்ட போர்ச்சுகலிலும் பிரிட்டனிலும் விகிதத்தில் அதிகம் என்று ஐரோப்பிய ஆய்வுகள் கண்டன. சைபீரியாவின் யாகுட்ஸ்கில் குளிர்கால மாதங்களின் சராசரியே மைனஸ் 26 டிகிரிக்கும் கீழே. அங்கே பனி கூடக்கூட இறப்பு கூடவில்லை என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே வீடு சூடாக இருந்தது. வெளியே போனவர்கள் ரோம உடுப்பு அணிந்திருந்தார்கள். பனியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சுவரில் காப்புப் பொருள் இல்லாத வீடும், கட்ட முடியாத கட்டணமும்தான் ஆளைக் கொல்கின்றன. ‘ஆளைச் சூடாக்கு’ என்பது இன்றிரவுக்கான நல்ல யோசனை. ஓர் அரசு அதையே கொள்கையாகச் சொன்னால் அது கைகழுவல்.

பேறுகாலத்துக்கு மகளோடு இருக்க லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் போன அம்மாக்கள், அங்கேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்துத் தாத்தா பாட்டிமார் நம்மில் பலருக்கு உண்டு. வயதாக ஆக உடம்பு நடுங்குவதும் குறையும், குளிரை உணர்வதும் மழுங்கும். கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு ‘எனக்கொன்றும் இல்லை’ என்று அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. ஒரு சாதாரண அறை வெப்பமானி வாங்கி அவர்கள் உட்காரும் இடத்தில் மாட்டுங்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது ‘குளிருதா?’ என்று கேட்காதீர்கள். ‘அதில் எத்தனை காட்டுகிறது?’ என்று கேளுங்கள். பதினெட்டுக்குக் கீழே சொன்னால், கட்டணத்தை யார் கட்டுவது என்பதை அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.