தீர்மானம் போட்டால் மாநிலம் ஆகிவிடுமா? புதுவை தனி மாநிலம் ஆவது எப்படி

விருத்தாசலம்:-

விருத்தாசலம் பக்கத்து ஜனங்களுக்கு பாண்டிச்சேரி கூப்பிடு தூரம். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையிலேயே பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம். ஆனால் கடலூரைத் தாண்டி முள்ளோடை வந்துவிட்டால் அங்கே வேறு அரசாங்கம். முதல்-மந்திரி உண்டு, சட்டசபை உண்டு, ஆனால் அது மாநிலம் அல்ல. யூனியன் பிரதேசம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ந்தேதி ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தனர். 1963-ல் பாராளுமன்றம் போட்ட சட்டப்படி சட்டசபை வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள் 30 பேர், மத்திய அரசு நியமிப்பவர்கள் 3 பேர். புதுவை அரசை கேட்காமலேயே இந்த 3 பேரை நியமிக்கலாம், அவர்களுக்கு ஓட்டும் உண்டு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 30 பேர் சபையில் 3 ஓட்டு என்றால் லேசா?

சண்டையெல்லாம் பைலில் யார் கையெழுத்து போடுவது என்பதில்தான். ரேஷனில் இலவச அரிசி போட வேண்டும் என்றது நாராயணசாமி மந்திரிசபை. பணமாக வங்கிக் கணக்கில் போடலாம் என்றார் துணைநிலை கவர்னர் கிரண்பெடி. 2019 பிப்ரவரியில் முதல்-மந்திரியே கருப்பு சட்டை போட்டு கவர்னர் மாளிகை முன்பு தர்ணாவில் உட்கார்ந்தார். கடைசியில் மத்திய அரசு கவர்னர் பக்கம் நின்றது. ரேஷன் கடையில் மறுபடி அரிசி கிடைத்தது 2024-ல்தான். நடுவில் திண்டாடியது கார்டுதாரர்கள்தான்.

மாநிலத்திலும் கவர்னர் உண்டு. ஆனால் பொதுவாக மந்திரிசபை சொல்வதைத்தான் அவர் கேட்க வேண்டும். யூனியன் பிரதேசத்தில் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் டெல்லிக்கு போகும். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை மாற்றுவதும் மத்திய உள்துறைதான்.

இதனால்தான் மாநில அந்தஸ்து கேட்டு புதுவை சட்டசபை 10 தடவைக்கு மேல் தீர்மானம் போட்டது. 2023, 2024, 2025 என்று வருஷா வருஷம் போட்டும் பார்த்தது. ஆனால் அரசியல் சட்டம் 3-வது பிரிவுப்படி மாநிலம் உருவாக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு மட்டுமே. ஜனாதிபதி பரிந்துரையோடு மசோதா வர வேண்டும். இரு சபையிலும் சாதாரண மெஜாரிட்டி போதும். ஒரு மாநிலத்தை பிரிப்பதென்றால் அதன் சட்டசபையிடம் கருத்து கேட்டாக வேண்டும். யூனியன் பிரதேச சட்டசபையிடம் அதுகூட கட்டாயம் இல்லை. ஆக, தீர்மானம் என்பது வெறும் கோரிக்கை மனு மாதிரிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில சட்டசபைக்கு குறைந்தது 60 இடம் வேண்டும் என்கிறது சட்டம். புதுவையில் இருப்பதோ 30. இதற்கு வழி காட்டியது கோவா. 1987-ல் அது மாநிலம் ஆனபோது 30 இடம் இருந்தாலே போதும் என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அப்படி திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இமாசலபிரதேசம் 1971-லும், மணிப்பூரும் திரிபுராவும் 1972-லும் இப்படி யூனியன் பிரதேசமாக இருந்து மாநிலம் ஆனவைதான். காஷ்மீர் கதை தலைகீழ். மாநிலமாக இருந்ததை 2019-ல் யூனியன் பிரதேசம் ஆக்கினார்கள்.

மாநிலம் ஆனால் மத்திய வரியில் நிதிக்குழு பிரிக்கும் பங்கு கிடைக்கும். யூனியன் பிரதேசத்துக்கு அந்த பங்கு இல்லை, மத்திய பட்ஜெட்டில் ஒதுக்குவதுதான்.

காரைக்கால் நாகை பக்கம், மாகி கேரளாவில், ஏனாம் ஆந்திராவில். கோவா மாநிலம் ஆனபோது டாமன், டையூவை தனியாக பிரித்து யூனியன் பிரதேசமாகவே விட்டுவிட்டார்கள். புதுவைக்கு மசோதா வந்தால் இந்த 3 ஊரும் கூடவே வருமா என்பதையும் அந்த மசோதாதான் சொல்ல வேண்டும்.