கணக்கு ஒத்துவராதபோது தொடங்கும் ஆய்வு

வேதிப்பொறியியல் கல்விக்கூடங்களில் பரவலாகக் காணப்படும் ஆய்வகக் கருவிகளுள் ஒன்று இரட்டைக்குழாய் வெப்பப் பரிமாற்றி. ஒன்றினுள் ஒன்றாகப் பொருத்தப்பட்ட இரு குழாய்களில், உட்குழாயில் வெந்நீரும் அதைச் சூழ்ந்த இடைவெளியில் குளிர்நீரும் ஓடுகின்றன. வெளியே வெப்பம் போகாதவரை, வெந்நீர் இழக்கும் வெப்பமும் குளிர்நீர் பெறும் வெப்பமும் சமமாக இருக்க வேண்டும் என்கிறது ஆற்றல் அழியாமை விதி. ஆயினும் மாணவர்கள் எடுக்கும் அளவீடுகளில் இவ்விரண்டும் அரிதாகவே ஒத்துப்போகின்றன.

இரு நீரோட்டங்களும் நொடிக்கு 0.1 கிலோகிராம் வீதம் ஓட, வெந்நீர் 60 பாகை செல்சியசிலிருந்து 49 பாகைக்கு இறங்கியதாகவும், குளிர்நீர் 30 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறியதாகவும் கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவைப்படும் வெப்பம், அதாவது நீரின் தன்வெப்பம், 4.18 கிலோஜூல் ஆதலால், இழப்பு ஏறத்தாழ 4.6 கிலோவாட் என்றும் பெறுதல் 4.18 கிலோவாட் என்றும் கணக்கு வரும். எஞ்சிய 420 வாட் காற்றில் கலந்துவிட்டது என்று எழுதி ரெக்கார்டு நோட்டை மூடிவிடுவது எளிது. ஆனால் வெளிக்குழாயில் ஓடுவது குளிர்நீர். 30 பாகை வெப்பநிலையுள்ள அறையைவிட அது சராசரியாக ஐந்து பாகையே கூடுதலாகச் சூடாக இருப்பதால், இரண்டு மூன்று மீட்டர் நீளமுள்ள அக்குழாயிலிருந்து ஐம்பது வாட்கூட வெளியேற வாய்ப்பில்லை. வழக்கமான அந்த விளக்கம் இங்கே நிற்காது.

அப்படியானால் ஐயம் கருவிகளின்மேல் திரும்ப வேண்டும். வெப்பமானி ஒவ்வொன்றும் அரைப் பாகை பிழை காட்டினாலே இரு அளவுகளுக்கிடையிலான வேறுபாட்டில் ஒரு பாகை வரை பிழை சேரும். பத்துப் பாகை வேறுபாட்டில் அது பத்து விழுக்காடு. நான்கு வெப்பமானிகளையும் ஒரே பாத்திரத்து நீரில் வைத்து ஒப்பிடுவதும், ரோட்டாமீட்டர் எனப்படும் பாய்வுமானியின் அளவை வாளியும் நிறுத்துக்கடிகாரமும் கொண்டு சரிபார்ப்பதும், அளவுகள் காலத்தோடு மாறாமல் நிற்கும் நிலைத்த நிலை வந்துவிட்டதா என்று சில நிமிடங்களுக்கொருமுறை பார்ப்பதும் இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழிகள். வெந்நீரின் பாய்வைக் குறைத்து அதன் வெப்பநிலை கூடுதலாக இறங்கும்படி செய்தால், வெந்நீர்ப் பக்கக் கணக்கில் வெப்பமானிப் பிழையின் பங்கு சுருங்கிவிடும் என்று தாமே கண்டுபிடிக்கும் மாணவர்கள் சோதனையை வடிவமைக்கவே கற்றுக்கொள்கிறார்கள். செய்முறைக் கையேட்டில் இது பெரும்பாலும் இருப்பதில்லை.

குழுவின் தேவை இங்கேதான் புலப்படுகிறது. ஒருவர் அளவைப் படிக்க, ஒருவர் எழுத, மற்றவர்கள் பின்னர் நகலெடுக்கும் ஏற்பாட்டில் வேலை முடிகிறதே தவிர ஆய்வு நடப்பதில்லை. கணக்கு வீட்டில் போடப்பட்டு வேறுபாடு தெரியவரும்போது கருவியின் நீர் வடிக்கப்பட்டிருக்கும். வால்வைத் திறக்குமுன் ஒவ்வொருவரும் தம் எதிர்பார்ப்பைத் தனித்தனியே எழுதிவைப்பதும், ஒருவர் அங்கேயே கணக்கிட்டுக்கொண்டிருப்பதும், ஒருவர் படித்த அளவை இன்னொருவர் கேள்விக்குட்படுத்துவதும், இப்பொறுப்புகள் வாரந்தோறும் கைமாறுவதும் வேண்டும்.

1916இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வேதிப்பொறியியல் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கே அனுப்பிப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தொடங்கியது. அங்குள்ள சிக்கல்களுக்குக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது. கல்லூரி ஆய்வகத்திலும் அந்த நிலையை உருவாக்க இயலும். அதற்கு மதிப்பெண் முறை முதலில் மாற வேண்டும்: சரியான விடைக்கே மதிப்பெண் என்றால் மாணவர் எண்களைத் திருத்தத்தான் பழகுவார். பத்து விழுக்காடு வேறுபாட்டை மறைக்காமல் எழுதி, அதன் காரணத்தைச் சோதித்துக் காட்டிய குழுவுக்கே கூடுதல் மதிப்பெண் உரியது.