எக்கோ ரிப்போர்ட்டில் ‘ஈஎஃப் 35%’... இதயம் 35 சதவீதம்தான் வேலை செய்கிறதா?

திருவள்ளூர் மாவட்டம் ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஒருவருக்கு மாரடைப்பு வந்து, பிழைத்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் எக்கோ ரிப்போர்ட்டில் ‘ஈஎஃப் 35%’. ‘இதயம் 35 சதவீதம்தான் ஓடுதாம், இனி வேலைக்குப் போக முடியாது’ என்று வீடே இடிந்துபோகும். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் அதுவல்ல.

வெல்டிங்கில் விரிசல் பார்க்கும் அதே டெக்னிக்!

இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் ‘யூடி டெஸ்ட்’ சிப்காட் ஊழியர்களுக்குப் புதிதல்ல. எக்கோவும் அதன் வாரிசுதான். 1953-ல் சுவீடனில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறை பார்க்க வைத்திருந்த கருவியை இதயத்தின் மீது வைத்துப் பார்த்ததில் தொடங்கியது இது.

35% எங்கிருந்து வருகிறது?

இடது கீழறையில் 120 மி.லி. ரத்தம் நிரம்பி, ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியேறினால் ஈஎஃப் சுமார் 58%. இது நார்மல். யாருக்கும் 100% இருக்காது! மாரடைப்புக்குப் பிறகு அறை விரிந்து 200 மி.லி. நிரம்புகிறது, அதே 70 மி.லி. வெளியேறுகிறது என்றால் 35%. வெளியே போகும் ரத்தம் அதேதான். ஆனால் அதற்காக இதயம் வீங்கிப்போய் உழைக்கிறது. அதனால்தான் மருந்தை நிறுத்தக் கூடாது.

எண்ணைவிட முக்கியமான இன்னொரு வரி, எந்தச் சுவர் சரியாக அசையவில்லை என்பது. முன்சுவர் அசையவில்லை என்றால், அங்கு ரத்தம் கொண்டுபோகும் முன்பக்கக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று டாக்டர் யூகிப்பார்.

அசையாத தசை எல்லாம் செத்த தசையும் அல்ல. ரத்த ஓட்டம் திரும்பியும் சில நாள், சில வாரம் ‘மரத்துப்போய்’ கிடந்து, பிறகு அசையத் தொடங்கும் தசையும் உண்டு. இதயத்துக்குள் பொருத்தும் ஐசிடி கருவி தேவையா என்பதைக்கூட, மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாட்கள் கழித்து மறுபடி எக்கோ எடுத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள்.

எக்கோ நார்மல்னா அடைப்பே இல்லையா?

அப்படியும் இல்லை. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் எக்கோ, குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது. பெரிய அடைப்பு இருந்தும் ஈஎஃப் 60% வரலாம். எனவே பழைய ‘நார்மல்’ ரிப்போர்ட்டை நம்பி நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்று தள்ளிப்போடக் கூடாது. அப்போது முதலில் வேண்டியது எக்கோ அல்ல, ஈசிஜி. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

அடுத்த எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போகவும். 35, 40 ஆனதா 30 ஆனதா என்பதுதான் டாக்டர் முதலில் பார்ப்பது.